உலகம் முடியப்போன நாளில் வைத்த கரண்ட்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஆறாவது என் அக்காவின் மகள். அக்கா கண்ணை மூடியபோது அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. என் கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்த பாலில் அவளுக்கும் பங்கு கொடுத்தேன். ‘இது உன் சொந்தப் பொண்ணா?’ என்று கேட்டவர்களுக்கு மீன் தராமல் கூடையை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன். அவள் என் மகள். இதில் மகள் என்று நான் சொல்லும் இடமெல்லாம் அவளைத்தான்.

எழுத்துக் கூட்டிப் படிப்பேன். என் பெயரைப் போடுவேன். இவ்வளவு நீளம் எழுத எனக்குக் கை வராது. அதனால் என் மகளின் மகள், எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழில் எழுதிக்கொள், ஆனால் ஆட்கள் வாயால் பேசியதைப் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதச் சொன்னது கோபத்தில்தான். வருகிற திங்கட்கிழமை என் மகள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் திரும்பி வந்திருக்கிறதா என்று அவர்கள் தடவிப் பார்க்கிற நாள். போக மாட்டேன் என்கிறாள். ‘அதான் அம்மன் காப்பாத்திட்டாளே, இன்னும் இன்னாத்துக்கும்மா’ என்கிறாள். போன வருஷம் ஊர் கட்டிய காப்பால்தான் அவள் பிழைத்தாள் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். ஊர் சொல்லிச் சொல்லி அவள் வாயிலும் அது வந்துவிட்டது. அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே மாற்றுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் அக்காவுக்கும் மாரில்தான் கட்டி. வெட்கத்தில் யாரிடமும் காட்டவில்லை. சேலையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு கருவாடு காய வைத்தாள். கட்டி உடைந்து வாடை வந்த பிறகுதான் வீட்டில் தெரிந்தது. கருவாட்டு வாடை என்று அதுவரை நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அவ்வளவுதான்.

அதனால் என் மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து உடம்பு தேய்த்துவிட்ட அன்று, கோலிக்குண்டு போல ஒன்று என் கையில் தட்டுப்பட்டதும், தேய்ப்பதை நிறுத்தினேன். எண்ணெயைக் கழுவச் சொன்னேன். நல்ல சேலை கட்டச் சொன்னேன். அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனேன். வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள்.

கரண்ட் என்றால் ஷாக் அடிக்கிற கரண்ட் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு அப்படித்தான் பேர். ஒரு குளிர்ந்த அறை. கதவு, லாரி கதவைவிடக் கனம். நடுவில் ஒரு மிஷின், வளைந்த கழுத்தோடு, கொக்கு குனிந்து மீனைப் பார்ப்பதுபோல நிற்கும். கீழே மேடையில் இவள் படுக்க வேண்டும். மிஷின் ஓட்டுகிறவர் ஒரு நடுவயது ஆள். முதல் நாள் பொறுமையாகத்தான் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத பொடியை ஒரு குழாய்க்குள் விரட்டுவார்களாம். விரட்ட விரட்ட வேகம் ஏறுமாம். அதைக் கொண்டுபோய் ஒரு தகட்டில் மோதவிட்டால் அங்கிருந்து ஒரு கதிர் கிளம்பும். கட்டி இருந்த இடத்தில் மிச்சம் மீதி ஒளிந்திருந்தால் அதைச் சுட்டுவிடும். சுவிட்சை அணைத்தால் அதோடு சரி, அறையில் ஒன்றும் இருக்காது. எரியும்போது அடுப்பு, அணைத்தால் வெறும் இரும்பு. எனக்கு அது புரிந்தது.

கதிர் எங்கே பட வேண்டும் என்பதற்காக இவள் மாரில் ஊதா மையால் கோடு போட்டார்கள். நேராக ஒன்று, குறுக்கே ஒன்று, ஓரத்தில் சின்னச் சிலுவைகள். அந்தக் கோடு ஐந்து வாரமும் அழியக் கூடாது. சோப்பு கூடாது, மஞ்சள் கூடாது, தேய்க்கவே கூடாது. டாக்டர் அம்மா இரண்டு விஷயம் திரும்பத் திரும்பச் சொன்னார். கோட்டை அழிக்காதே. நடுவில் நாள் விடாதே. விட்டால் அது மறுபடி தலை தூக்கும்.

ஐந்து வாரத்தில் பாதி ஒழுங்காகப் போயிற்று. விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, பாதி விற்றதும் மிச்சத்தை என் பெரிய மருமகளிடம் தள்ளிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு கிளம்புவேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக நிற்கும். அதற்கு இடையில் ஷேர் ஆட்டோ பாம்பு மாதிரி போகும். அப்புறம் பஸ். நகரத்தின் அந்தக் கடைசியில் ஆஸ்பத்திரி. அவள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

அப்போதுதான் டிவியில் அது ஆரம்பித்தது.

வெளிநாட்டில் பூமிக்கு அடியில் ஊரைச் சுற்றி வளையமாகச் சுரங்கம் வெட்டி, அதற்குள் ஒரு பெரிய மிஷின் வைத்திருந்தார்கள். உலகம் எப்படி உண்டானது என்று பார்ப்பதற்கு. ஆவணியில் அதை முதல்முதலாக ஓட்டப் போகிறார்கள். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அவ்வளவோடு விட்டால் யார் பார்ப்பார்கள்? உடுக்கை மாதிரி ஒரு சத்தம் போட்டு, கறுப்பாக ஒரு சுழியைக் காட்டினார்கள். அதற்குள் கப்பல், கட்டடம், கோயில் கோபுரம் எல்லாம் போயிற்று. கடைசியில் பூமியே நசுங்கிய எலுமிச்சம்பழம் மாதிரி உள்ளே போயிற்று. ‘இந்த வாரம் உலகம் அழியுமா?’ என்று கோட் போட்ட ஒருவன் கேட்டான். பக்கத்தில் ஒரு ஜோசியர். மிஷினைப் பற்றி ஜோசியரிடம் கேட்கிறார்கள்! கட்டடம் நொறுங்குகிற காட்சி, ஞாயிற்றுக்கிழமை போடுகிற டப்பிங் படத்தில் வந்தது என்று என் பேத்திதான் கண்டுபிடித்தாள். இதோ எழுதிக்கொண்டிருக்கிறவளேதான். சொன்னாள். யார் கேட்டார்கள்?

எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு அரசாங்கம் கொடுத்த கலர் டிவி. சுனாமி வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. படகுகள் ரோட்டுக்கு ஏறி வந்ததைப் பார்த்த சனம் நாங்கள். கடல் ஒருநாள் வீட்டுக்குள் வரும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். வந்ததே. அதன் பிறகு எங்கள் ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் நம்பிக்கை. அந்தப் பயத்தைத்தான் அந்த டிவிக்காரன் உட்கார்ந்து தின்றான். அவன் ஸ்டுடியோவில் ஏசி. எங்கள் வீட்டில் பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்கின.

என் மகளின் நாத்தனார், அவள் புருஷனுக்கு அக்கா, அடுத்த வீடுதான். நல்லவள். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. வலை பிரித்துக்கொண்டே ஒருநாள் ஆரம்பித்தாள்.

“இன்னாமே, உனக்குக் கரண்டு வெக்கிற மிஷினும் பொடிய வெரட்டற மிஷினுன்னியே. டிவில வர்றதும் அதே தானாமே?”

“தெரியலண்ணி” என்றாள் என் மகள்.

“கேளு. அப்பால உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தம்பி பேஜாராய்டுவான்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் இவள் அந்த மிஷின்காரரிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கையில் டீ. அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார்போல.

“ஆமாம்மா, ரெண்டுமே ஒரே ஜாதி மிஷின்தான். அது பெரியண்ணன், இது அதோட தம்பி” என்று சிரித்தார். “பயப்படாதீங்க. அவன் உலகத்தையே முழுங்குவான். தம்பி உங்கள மட்டுந்தான் முழுங்குவான்.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். ஆனால் மேடையில் ஏறுவதற்கு முன்னால் அவள் அந்தக் கனமான கதவைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். தமாஷ் செய்ய இடம் வேண்டாமா? மாரை அறுத்துக்கொண்டு வந்து நிற்கிறவளிடமா தமாஷ்?

அதற்குள் ஊரில் பஞ்சாயத்து கூட்டினார்கள். கோயில் முன்னால் ஆம்பளைகள் உட்கார்ந்தார்கள். பொம்பளைகள் நாங்கள் கயிற்றுக்கு வெளியே. தலைவர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளித் தம்பி. என்னை அண்ணி என்பார். மைக்கில் பேசினார்.

“கடலு ஒரு தபா உள்ள வந்ததுக்கே இன்னா ஆச்சுன்னு பாத்தோம். இந்தத் தபா அம்மன கேட்டுக்கினு தான் எதுவும். ஊரு மொத்தமும் காப்பு கட்டிக்கணும். அந்த மிஷினு ஓடற அன்னிக்கிப் பொயுது சாயற வரைக்கும் ஒருத்தரும் எல்ல தாண்டக் கூடாது. போட்டும் எறக்கக் கூடாது.”

காப்பு என்பது மஞ்சள் துணியில் வேப்பிலை முடிந்து மணிக்கட்டில் கட்டுவது. ஆடித் திருவிழாவுக்குக் கட்டுவோம். கட்டினால் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் ஊருக்குள் இருக்க வேண்டும். அதுதான் சட்டம். காப்புக் கையோடு நான் எத்தனையோ ஆடி காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்திருக்கிறேன். பகலில் எல்லையே தாண்டக் கூடாது என்று என் மாமியார் காலத்திலும் கிடையாது. டிவியைப் பார்த்துப் புதுச் சட்டம் போட்டார்கள்.

“கொயுந்தனாரே, எம்பொண்ணு அன்னிக்குக் கரண்டு வெக்கப் போவணும்” என்றேன்.

“ஒரு நாளு தானே அண்ணி. நாளிக்கி வச்சுக்க சொல்லு.”

“உலகம் அயியப் போவுதுன்ற. அப்பால நாளிக்கி எங்கேந்து வரும்?”

பொம்பளைகள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. ஆம்பளைகளிலும் இரண்டு பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“அண்ணிக்கு வாயி ஜாஸ்தி. ஊருக்கு ஒரு நாயம், உனுக்கு ஒரு நாயமா? உன்னால அம்மன் கோச்சிக்கினா, நாளிக்கி கடல்ல போற புள்ளைங்களுக்கு யாரு பதிலு சொல்றது?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடலில் போகிற பிள்ளைகள் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் பேச்சு வராது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். மகளின் புருஷன், என் மருமகன், தலையைக் குனிந்து மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

காப்பு கட்டுகிற நாள் காலையில் நான் மீனுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி மிஷினில் ஏதோ பழுது, கரண்ட் வைக்க மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். அதனால் நிதானமாகவே திரும்பினேன். தெரு முழுக்க மஞ்சள் தண்ணீர் ஓடுகிறது. கட்டுவதற்கு முன்னால் தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது வழக்கம்தான். என் கால் வேகமெடுத்தது.

மகள் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். உச்சந்தலையிலிருந்து சொட்டச் சொட்ட மஞ்சள். நாத்தனார் கையில் கோயிலிலிருந்து வந்த மண்குடம். மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஈர ரவிக்கையை விலக்கிப் பார்த்தேன். ஊதாக் கோடு இல்லை. தேய்த்திருந்தார்கள். தையல் போட்ட இடத்தில் மஞ்சள்தான் அப்பியிருந்தது.

வெளியே வந்தேன். நாத்தனார் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். சிதறியது.

“அய்யய்யோ! அம்மன் கொடம்மா! இன்னா காரியம் பண்ணிட்ட!”

“அம்மனா வந்து அவ மாருல கீற கோட்ட அயிக்கச் சொன்னா? சொல்லுடி. எந்த அம்மன் சொன்னா?”

“நல்லதுக்குத் தானே ஊத்துனேன்” என்று அவள் அழ ஆரம்பித்தாள். “எம்மேல வுயாத. அவளைக் கேளு. தேய்னு சொன்னதே அவ தான்.”

திரும்பிப் பார்த்தேன். என் மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடியிலிருந்து மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆமாம்மா. நான் தான் சொன்னேன்.”

உள்ளே போய் உட்கார்ந்தோம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளே பேசினாள்.

“அந்த ரூம்ல என்னப் படுக்க வெச்சிட்டு எல்லாரும் வெளிய ஓடிடறாங்க. அம்மாம் பெரிய கதவ மூடிக்கிறாங்க. நல்ல கதிருன்னா அவங்க ஏம்மா ஓடணும்? இத்தினி நாளு பல்லக் கடிச்சிக்கினு படுத்தேன். இப்ப அதோட அண்ணங்காரன் வந்து உலகத்தியே முழுங்குவான்றாங்க. முடியறதுன்னா முடியட்டும். நான் எம் பொண்ண கட்டிப் புடிச்சிக்கினு வூட்டுலயே கீறேன். அந்த ரூம்ல தனியா கெடந்து சாவ மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல். அவர்கள் ஏன் வெளியே ஓடுகிறார்கள் என்று யாராவது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அவளுக்கு ஐந்து வாரம். அவர்களுக்கு ஆயுசு முழுக்க அந்த வேலை. தினமும் நூறு பேருக்கு வைக்கிற அடுப்பின் பக்கத்திலேயே அவர்களும் நின்றால் வெந்துபோவார்கள். இது எனக்கே பிற்பாடு கேட்டுத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

“இத பாரு. நாளிக்கி உலகம் முடிஞ்சிச்சின்னா எல்லாரும் ஒண்ணாப் போவோம். நீயி, நானு, உம்பொண்ணு, அந்த டிவிக்காரன் எல்லாரும். யாரும் யாருக்காகவும் அயுவ வேணாம். முடியலன்னு வச்சிக்க. அப்ப நீ மட்டும் போவ. உங்கம்மா போனா மாதிரி. உம்பொண்ண வளக்கறதுக்கு நான் இன்னும் ஒரு தபா பால் குடுக்க முடியாதுடி. எனக்கு வயசாய்டுச்சி.”

அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழுகை கோபமாகத்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி.

மறுநாள் காலையில் அவளே சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் காப்பு. என் கையிலும்தான். இரண்டு பேரும் நடந்தோம். ஊர் வளைவுக்குக் கீழே வடக்கயிறு கட்டியிருந்தார்கள். தலைவரும் நாலைந்து பேரும் நின்றார்கள். என் மருமகனும் அங்கேதான் நின்றார்.

“அண்ணி, சொன்னா கேளு. போறதுன்னா ரெண்டு பேரும் காப்ப அவுத்து வெச்சிட்டுப் போங்க. அப்பால ஊரு உங்களுக்கு ஊரு இல்ல.”

“அவுக்க மாட்டேன்” என்றேன். “காப்பு கையிலயே கெடக்கட்டும். அம்மனும் எங்ககூட வரட்டும். பொட்டச்சிங்க ஆஸ்பத்திரில எப்டி வரிசைல நிக்கிறாளுங்கன்னு அவளும் ஒரு தபா வந்து பாக்கட்டும். வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவோம். அத்தான் சட்டம். உங்க அண்ணன் உசுரோட இருந்தா அவரைக் கேட்டிருப்ப, இப்ப டிவியக் கேக்கற.”

யாரும் நகரவில்லை. அப்போது என் மருமகன் முன்னால் வந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். என் மகள் குனிந்து அந்தப் பக்கம் போனாள். நானும் போனேன். அவர் கயிற்றை மட்டும் தூக்கினார். கூட வா என்றால் வந்திருப்பாரோ என்னவோ. நான் கூப்பிடவில்லை.

அன்றைக்கென்று கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. உலகம் அழிகிற நாள் என்று துறைமுகத்துக்கு யாரும் சொல்லவில்லை போல. லாரிகளுக்கும் கடலோரக் கல்சுவருக்கும் நடுவில் வெயிலில் நடந்தோம். நடந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது எங்கள் முறை தாண்டிவிட்டது.

மிஷின்காரர் இவளைப் பார்த்ததும் கத்தினார். “கோடு எங்கம்மா? படிச்சுப் படிச்சு சொன்னேனே! மஞ்சளா பூசிக்கிட்டு வந்திருக்கீங்க? கோடு இல்லாம எங்க வைக்கிறது? டாக்டர் அளந்து போட்டாத்தான் உண்டு. இன்னைக்கு ஆவாது. நாளைக்கு வாங்க.”

அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது.

“அண்ணன் உலகத்த முழுங்குவான், தம்பி உன்ன முழுங்குவான்னு சொன்னது யாருய்யா? நீ தானே? டீ குடிச்சிக்கினே சொன்னியே. அத்தக் கேட்டுக்கினு வந்து தான் எம்பொண்ணு பயந்து தேச்சிக் கயுவினா. ஊரே எங்கள எல்லைக்கு வெளிய தள்ளிடுச்சி. இன்னிக்கி வெக்காம நான் இங்கேந்து எந்திரிக்க மாட்டேன்.”

கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் காது சிவந்தது. உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அம்மாவோடு வந்தார். பழைய படத்தை எடுத்து வைத்து மறுபடி அளக்க வேண்டும், சாயங்காலம் ஆனாலும் ஆகும், உட்காருங்கள் என்றார் அந்த அம்மா. என் மகளிடம் மட்டும் தனியாக ரொம்ப நேரம் பேசினார்.

காத்திருக்கிற கூடத்தில் ஒரு டிவி. அதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையோடு பிள்ளைகள், கழுத்தில் குழாய் வைத்தவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம் அழியுமா என்று இந்தக் கூட்டத்தைப் பார்த்தா கேட்பது? மத்தியானம் தாண்டி அந்த மிஷினை ஓட்டினார்கள். ஒரு அறையில் வெள்ளைக்காரர்கள் கூட்டமாகத் திரையைப் பார்த்தார்கள். சாம்பல் நிறத் திரையில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. எழுந்து கைதட்டினார்கள். கட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான்! ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தொண்டையில் குழாய் வைத்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்த வெள்ளைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. புது இன்ஜின் மாட்டிய போட் முதல்தடவை சத்தம் போட்டுக் கிளம்பும்போது எங்கள் பையன்களும் அப்படித்தான் கத்துவார்கள். பல வருஷம் பாடுபட்டு ஒன்றைச் செய்தார்கள், ஓடியது, சந்தோஷப்பட்டார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு உடுக்கை அடித்தானே, அவன் மேல்தான் கோபம். அவன் அன்றைக்கும் விடவில்லை. ‘இன்று தப்பித்தோம். நிஜமான ஆபத்து, மோதவிடும் நாளில்தான்’ என்று சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போனான்.

கோடு போட்டு முடித்து அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். கதவை மூடுவதற்கு முன்னால் அந்த மிஷின்காரர் என்னிடம் வந்தார். “இங்க வந்து நில்லுங்கம்மா” என்று ஒரு சின்ன டிவி முன்னால் நிறுத்தினார். உள்ளே இருப்பவர்களைப் பார்க்கிற டிவி. அதில் என் மகள் தெரிந்தாள். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருந்தாள். மணிக்கட்டில் காப்பு தெரிந்தது. அவர் மைக்கில், “உங்கம்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, தனியா இல்ல” என்றார். ர்ர் என்று ஒரு சத்தம். கொக்கு கழுத்தைத் திருப்பியது. அடுப்பு அணைந்தது. வந்துவிட்டாள்.

விளக்கு வைப்பதற்குள் ஊருக்கு வந்தோம். கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கடல் இருந்த இடத்தில் இருந்தது. தலைவர் டீக்கடையில் உட்கார்ந்து தினத்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒருத்தராவது ‘அண்ணி, பயத்துல சொல்லிட்டோம்’ என்று சொல்லியிருந்தால் அன்றோடு விட்டிருப்பேன். பயப்படுவது தப்பில்லை. நானும் பயந்தவள்தான். சொல்லவில்லை. அதற்குப் பதில் என்ன செய்தார்கள் தெரியுமா? கொஞ்ச நாளில் அந்த வெளிநாட்டு மிஷின் பழுதாகி நின்றுவிட்டது என்று பேப்பரில் வந்தது. உடனே, ‘பாத்தியா, நம்ம காப்பு தான் நிறுத்திடுச்சி’ என்று கோயில் மைக்கில் சொன்னார்கள். இந்த ஆடியில் ஊர்க் கூழ் எங்கள் வீட்டுக்கு ஊற்றவில்லை. குடம் உடைத்த வீடு. போகட்டும். நான் என் வீட்டு அடுப்பில் காய்ச்சிக் குடித்தேன். ஊர்க் கூழைவிடக் கெட்டியாகவே இருந்தது.

என் மகள் மீதி நாட்களும் போனாள். எல்லாக் கரண்டையும் வைத்துக்கொண்டாள். தோல் கறுத்து உரிந்தது. புதுத் தோல் வந்தது. இரண்டு தடவை போய்க் காட்டினோம், ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது மூன்றாவது தடவை. ஊர் சொல்கிறது, காப்பு பிழைக்க வைத்தது என்று. நாத்தனார் சொல்கிறாள், இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மனை நம்பவில்லை என்று அர்த்தமாம். இவளும் தலையாட்டுகிறாள்.

அம்மன் பிழைக்க வைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அம்மன் என் மகள் கையில் இருந்தாள், நான் பார்த்தேன், அந்தச் சின்ன டிவியில். ஆனால் அம்மன் அந்த அறைக்குள் வந்து இருந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு யாரையும் பிழைக்க வைக்கவில்லை. கயிறு கட்டியவர்களுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அந்தப் பேரை அவர்கள் எடுத்துக்கொள்ள நான் விட மாட்டேன். என் அக்கா உயிரும் அதில் இருக்கிறது.

போதும். எழுதினது போதும். பேனாவை மூடு கண்ணு. உங்கம்மா மீன் அலசிக்கினு கீறா பாரு, கையக் கயுவிட்டு வந்து இங்க குந்தச் சொல்லு. ‘ஆயா சொல்லிச்சு, இத்தக் கேட்டுட்டு அப்பால ஆஸ்பத்திரிக்குப் போவமாட்டேன்னு சொல்லு’ன்னு சொல்லு. வந்துட்டாளா? இப்ப படி. மொதல்லேந்து படி. நான் திட்டனத நல்ல வார்த்தையா மாத்தி இருந்தியோ, தெரிஞ்சிடும் எனக்கு. சத்தமா படி, பக்கத்து வூட்டுக்கும் கேக்கட்டும்.